மதுரைப் பதிப்பு, ரெண்டாம் பக்கம்

சார், சார், அது மேல பைய வச்சிராதீங்க. குடுங்க, மடியில வச்சுக்கிறேன். கண்ணாடி இல்ல, ஒடையாது. ஆனா மடங்கிரக் கூடாது. நீங்க சன்னலோரமாவே இருங்க, எனக்கு இப்பிடி உள்ள தள்ளி உக்காந்தாத்தான் வசதி. இல்ல சார், எக்ஸ்ரே எல்லாம் இல்ல. பேப்பரு. ஆமா, நியூஸ் பேப்பருதான். இன்னைக்குப் பேப்பர் இல்ல, எண்பத்து மூணாம் வருசத்துப் பேப்பரு. அதுலயும் முழுசு இல்ல, ஒரு துண்டு.

இருங்க, டிக்கெட் எடுத்துக்கிறேன். நெடுங்கரைப்பட்டி ஒண்ணு.

கேட்டீங்களா, "இன்னைக்காச்சும் எறங்குவீங்களா பெருசு?"ன்னு கேட்டுட்டுப் போறாரு கண்டக்டரு. அவரக் குத்தம் சொல்ல முடியாது. இது அஞ்சாவது தடவ. நெடுங்கரைப்பட்டிக்கு டிக்கெட் எடுப்பேன், அங்க எறங்க மாட்டேன். கடேசி ஸ்டாப்பு வரைக்கும் போயி, ஒரு டீயக் குடிச்சுட்டு, இதே பஸ்சுல திரும்ப மதுரைக்கு வந்துருவேன். கிறுக்கன்னு நெனச்சுக்கிட்டு இருப்பாரு. நெனச்சா நெனச்சுட்டுப் போறாரு.

என் பேரு சோலையப்பன். மதுரையில கீழமாசி வீதிப் பக்கம் வந்து பொறந்தநாள் பேப்பர்க்காரர்னு கேட்டா சின்னப் புள்ளகூடக் காட்டிவிடும். உங்க பொறந்த தேதியச் சொன்னீங்கன்னா அன்னைக்கு வந்த பேப்பரு, அசலு, ஜெராக்ஸ் இல்ல, எடுத்துக் குடுப்பேன். கல்யாண நாளு, தாத்தா செத்த நாளு, சுதந்திரம் வந்த நாளு, எல்லாம் இருக்கு. பொண்டாட்டிக்குப் பரிசா குடுக்கணும்னு வர்றவுக உண்டு. வயசக் கொறச்சுச் சொல்லி வச்சிருந்த பொண்டாட்டிக அதுல மாட்டிக்கிட்டதும் உண்டு. முப்பது வருசமா இதான் பொழப்பு சார். கௌரவமான பொழப்பு. அப்பிடித்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

எங்க தொழில்ல ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பேப்பரு வேணுமோ அத வாயத் தெறந்து கேக்கவே கூடாது. கேட்டா போச்சு, அந்த வீட்டுக்காரவுகளுக்கு அது தங்கமாயிரும். அதனால தராசத் தூக்கிக்கிட்டு, எடைக்கு எடுக்குற ஆளு மாதிரிதான் போவேன். பாடப் புத்தகம், பரிச்சை நோட்டு, பஞ்சாங்கம், எல்லாத்தையும் சேத்து நிறுத்து வாங்கிட்டு வந்துருவேன். பேப்பரப் பிரிச்சுகூடப் பாக்க மாட்டேன். ஆனா கண்ணு அதுபாட்டுக்குப் பாத்துரும்.

போன மாசியில அப்பிடித்தான் நெடுங்கரைப்பட்டிக்குப் போனேன். கவர்மெண்டுல வீடு கட்டக் காசு வந்துச்சுன்னு ஒரு ஓட்டு வீட்டப் பிரிச்சுக்கிட்டு இருந்தாங்க. சாமான் பூராம் தெருவுல கெடக்கு. ஜெயக்கொடின்னு ஒரு பொம்பள, நாப்பது வயசு இருக்கும், ஒத்தையில நின்னு எல்லாத்தையும் அள்ளிப் போட்டுக்கிட்டு இருந்துச்சு. அது அம்மா பேரு ஒச்சம்மா. அந்தம்மா அன்னைக்கு நூறு நாள் வேலைக்குப் போயிருந்துச்சு. நான் தராசப் போட்டேன். ஜெயக்கொடி அள்ளி அள்ளி வச்சுச்சு. கட்டோட கட்டா அந்தப் பேப்பரும் வந்துருச்சு. அம்புட்டுத்தான்.

எந்தப் பேப்பரா? எண்பத்து மூணு ஜூன் சார்! நம்ம பயலுக லண்டன்ல கிரிக்கெட் கப்பு வாங்குனாங்கல்ல, அந்தச் சேதி வந்த பேப்பரு. முன்பக்கம் பூராம் கப்பும் சிரிப்புமா இருக்கும். அது கெடைக்கிறது லேசு இல்ல, அதுவும் பூச்சி அரிக்காம, மடிப்புல கிழியாம. கோயமுத்தூர்ல ஒரு டாக்டர், அவரு மக சொல்லி வச்சிருந்துச்சு. அப்பாவுக்கு அறுபதாங் கல்யாணம், கிரிக்கெட்னா உசுரு, எப்பிடியாச்சும் புடிச்சுக் குடுங்கன்னு.

இப்ப நான் அதுக்கு என்ன பண்ணுவேன்னு சொல்லணும். வாங்குறவுகளுக்கு முன்பக்கம் மட்டும் போதும். சுவத்துல மாட்டணும்ல. அதனால முதத் தாள மட்டும் உருவி, பாதியா வெட்டி, அட்டையில மைதாப் பசை தடவி ஒட்டிருவேன். மயில்துத்தம் கலந்த பசை, பூச்சி வராது. ஒட்டிக் கண்ணாடி போட்டா நூறு வருசம் நிக்கும். மிச்சத் தாளு எடைக்குப் போயிரும். பெரிய பெரிய சேகரிப்புக்காரங்க இதக் கேட்டா என்னைய அடிக்க வருவாங்க. பேப்பர ஒட்டுறது கொலைன்னு ஒருத்தர் சொன்னாரு. அவருக்கென்ன, விக்கிறது நானு.

ஒட்டி, பிரேம் போட்டு, கடையில என் தலைக்கு மேல மாட்டி வச்சிருந்தேன். பத்து நாள் இருக்கும், ஒச்சம்மா வந்து நிக்கிது. மகளும் கூட. ரெண்டு பஸ்சு மாறி, விசாரிச்சு விசாரிச்சு வந்திருக்காக. ஜெயக்கொடி கண்ணெல்லாம் வீங்கியிருக்கு.

"அண்ணே, அன்னைக்கு எடைக்குப் போட்டதுல எங்கம்மா பேப்பரு ஒண்ணு வந்துருச்சுண்ணே. நாந்தான் கை தவறிப் போட்டுட்டேன் போலருக்கு. குடுத்துருங்கண்ணே"ங்குது.

யாரோ வெலையச் சொல்லிக் குடுத்து அனுப்பிருக்கான்னு நெனச்சேன் சார். எங்க தொழில்ல அப்பிடித்தான் வருவாங்க. எடைக்குப் போட்டுட்டு, பத்து நாள் கழிச்சு, எங்க தாத்தா ஞாபகமா வச்சிருந்ததுன்னு வருவாங்க. எத்தன பேரப் பாத்திருக்கேன்.

"அடடா, அதெல்லாம் அப்பவே பேப்பர் மில்லுக்குப் போயிருச்சேம்மா"ன்னேன்.

அந்தம்மா ஸ்டூல்ல உக்காந்துருச்சு. டீ வாங்கிக் குடுத்தேன், அதுக்கு மனசு இருந்துச்சு எனக்கு. குடிச்சுக்கிட்டே தலையத் தூக்கி என் தலைக்கு மேல பாக்குது. பிரேமத்தான் பாக்குது. எனக்கு உசுரு போயி வந்துச்சு.

"யாருப்பா இவங்க, இம்புட்டுச் சந்தோசமாச் சிரிக்கிறாங்க?"ன்னு கேட்டுச்சு.

"வெளாட்டுல செயிச்சவங்கம்மா"ன்னேன்.

"நல்லாருக்கட்டும்"னுச்சு.

அப்ப நான் என்ன நெனச்சேன் தெரியுமா? கெழவிக்குத் தன் பேப்பரே அடையாளம் தெரியல, இது எங்க உசுரா வச்சிருந்துச்சுன்னு நெனச்சேன். உள்ளுக்குள்ள சிரிச்சேன் சார். சிரிச்சேன்.

இருந்தாலும் மனசு கேக்கல. அதே தேதிப் பேப்பரு எங்கிட்ட இன்னொண்ணு இருந்துச்சு. மெட்ராஸ் பதிப்பு. மடிப்புல கிழிஞ்சது, வெலை போகாது. ரெண்டுக்கும் முன்பக்கம் ஒண்ணுதான், உள்பக்கம்தான் வேற வேற. மதுரைப் பதிப்புல மதுரைச் சேதி, மதுரை விளம்பரம். மெட்ராஸ் பதிப்புல மெட்ராஸ் சேதி. அது எனக்குத் தெரியாமயா இருக்கும்? ஆனா அந்தம்மாவுக்கு எழுத்துப் படிக்கத் தெரியாது. எதக் குடுத்தா என்ன? "அலைஞ்சு திரிஞ்சு அதே தேதி வாங்கியாந்து தாரேம்மா"ன்னு சத்தியம் பண்ணாத கொறையா சொல்லி அனுப்பிட்டேன். ரெண்டு வாரம் ஊறப்போட்டுட்டு, நானே நெடுங்கரைப்பட்டிக்குக் கொண்டு போனேன். பெரிய உபகாரம் பண்ணப் போற நெனப்பு.

ஒச்சம்மா கையக் கழுவி, சேலையில தொடச்சுட்டு வாங்குச்சு. முன்பக்கத்தப் பாக்கவே இல்ல சார். நேரா ரெண்டாம் பக்கத்தத் திருப்புச்சு. எடது ஓரம், கீழ, வெரல வச்சுச்சு. அங்க ஏதோ மெட்ராஸ் ஜவுளிக்கடை விளம்பரம் இருக்கு. வெரல எடுத்துட்டு மறுபடி வச்சுப் பாக்குது. அப்பறம் ஒவ்வொரு பக்கமாத் திருப்புது. கடேசிப் பக்கம் வரைக்கும் போயிட்டு என்னையப் பாத்து, "இதுல அவரு இல்லியேப்பா"ங்குது.

"யாரும்மா?"

"எங்க வீட்டுக்காரரு."

அவரு பேரு மொக்கைச்சாமி. கேரளாவுக்கு ஏலக்காத் தோட்டத்துக்கு வேலைக்குப் போனவரு, கல்யாணமாகி ஒரு வருசம்கூட ஆகல. திரும்பி வரல. ஜெயக்கொடி அப்ப வயித்துல. அவரோட அண்ணங்காரரு மதுரையில பேப்பர் ஆபீசுல 'காணவில்லை'ன்னு விளம்பரம் குடுத்திருக்காரு. போட்டோ வேணும்னாங்களாம். இருந்ததே ஒரே போட்டோ, கல்யாணத்துக்கு ஸ்டுடியோவுல எடுத்தது, ரெண்டு பேரும் நிக்கிறது. அத நெடுக்கக் கத்திரிச்சு மாப்பிள்ளையப் பாதிய மட்டும் குடுத்திருக்காங்க. அந்தப் பாதி திரும்பி வரவே இல்ல. விளம்பரம் மட்டும் வந்துச்சு, ரெண்டாம் பக்கத்துல, வெத்தல அளவுக்கு ஒரு படம். அம்புட்டுத்தான் சார் அந்த மனுசன் இந்த ஒலகத்துல மிச்சம். ஜெயக்கொடி அப்பன்னு பாத்ததே அந்தப் படத்தத்தான்.

ஒச்சம்மா மஞ்சப்பைக்குள்ளருந்து மிச்சப் பாதிய எடுத்துக் காட்டுச்சு. பதினெட்டு வயசுப் பொண்ணு மாலையோட நிக்கிது. அது தோள்கிட்ட ஒரு முழங்கை மட்டும் தெரியுது. அதுக்கு அங்கிட்டு வெட்டு.

முன்பக்கத்துக்குப் பின்பக்கம்தான சார் ரெண்டாம் பக்கம்? முப்பது வருசமா பேப்பர் விக்கிறேன். அந்தம்மா நாப்பது வருசமா அந்தப் பேப்பர ரெண்டாம் பக்கம் வெளிய தெரியிற மாதிரி மடிச்சே வச்சிருந்துச்சு. முன்பக்கத்துல என்ன இருக்குன்னே தெரியாது. கடையில உக்காந்து அது டீ குடிச்சப்ப, அதோட புருசன் அந்தக் கிரிக்கெட் கப்புப் படத்துக்குப் பின்னால, பசையில, அட்டையப் பாத்த மாதிரி ஒட்டிக்கிட்டு இருந்தாரு. கைய நீட்டுனா எட்டுற தூரம் சார். யாருப்பா சிரிக்கிறாங்கன்னு கேக்குது. நான் வெளாட்டுல செயிச்சவங்கங்கறேன்.

வேற பேப்பரக் கொண்டாந்துட்டியேப்பான்னு அந்தம்மா என்னையத் திட்டவும் இல்ல. "நீ என்னப்பா பண்ணுவ, அலைஞ்சு வாங்கியாந்திருக்க"ன்னு தண்ணி மோந்து குடுத்துச்சு. அப்பறம் கேட்டுச்சு, "மில்லுல போட்டா என்ன ஆகும்?"

"அரைச்சுக் கூழாக்கி, மறுபடி பேப்பராக்குவாங்கம்மா."

அந்தம்மா, "அப்பத் திரும்பவும் பேப்பராத்தான் வருவாரு"ன்னுச்சு. சிரிச்சுக்கிட்டேதான் சொல்லுச்சு. ஜெயக்கொடி அந்தப் பக்கம் திரும்பி அழுகுது. "அன்னையிலருந்து எங்கிட்ட மொகம் கொடுத்துப் பேச மாட்டேங்குதுண்ணே, என் கையி தவறாம இருந்திருக்கக் கூடாதா"ன்னு அழுகுது.

தண்ணி வேணுமா சார்? நானும் ஒரு மடக்குக் குடிச்சுக்கிறேன்.

இம்புட்டுச் சொல்லிட்டேன், மிச்சத்தையும் சொல்லிர்றேன். முன்னாடி சொன்னதுல ஒண்ண மாத்திச் சொன்னேன். அந்தப் பேப்பரு கட்டோட கட்டா வரல. கட்டுல இருந்துச்சுதான், ஆனா ஒரு பிளாஸ்டிக் கவர்ல, கவரச் சுத்தி நூலு. கவர்ல போட்டுக் கட்டி வச்ச பேப்பர எவளாச்சும் எடைக்குப் போடுவாளா? தெரிஞ்சுதான் எடுத்தேன்.

கட்டுலயும் இல்ல சார். தகரப் பெட்டிக்குள்ள இருந்துச்சு. மஞ்சப்பையில. "அந்தப் பெட்டி அம்மாவோடது, அத மட்டும் விட்ருங்கண்ணே"ன்னு ஜெயக்கொடி சொல்லிட்டுத்தான் எனக்கு மோர் எடுத்துட்டு வரப் பக்கத்து வீட்டுக்குப் போச்சு. நான் பெட்டியத் தெறந்தேன். பைக்குள்ள கவரு, கவருக்குள்ள பேப்பரு, ஓரத்துல அந்தத் தேதி. பாதி வெட்டுன போட்டோ ஒண்ணும் இருந்துச்சு. அத அங்கயே வச்சுட்டேன். என்ன இருந்தாலும் நான் திருடன் இல்லீல்ல, பேப்பர மட்டும்தான எடுத்தேன்னு வீடு வர்ற வரைக்கும் எனக்கு நானே சொல்லிக்கிட்டு வந்தேன். தராசுல வச்சு நிறுத்துக் காசும் குடுத்தேன், பாருங்க, அந்த எடைக்கும் சேத்து. மோரையும் வாங்கிக் குடிச்சேன்.

ரெண்டாம் பக்கத்துல கட்டம் போட்டு ஒரு ஆளு படம் இருந்ததையும் பாத்தேன். படிக்கல. படிக்க நமக்கென்ன இருக்கு? அந்த மூஞ்சி மேலதான் சார் பிரஷ்ஷ வச்சுப் பசை தடவுனேன்.

நெடுங்கரைப்பட்டியிலருந்து வந்த அன்னைக்கே பிரேமக் கழட்டிட்டேன். டாக்டர் மககிட்ட, பேப்பரு வீணாப்போச்சும்மான்னு சொல்லிட்டேன். நல்லா ஏசுச்சு. முன்பக்கத்துப் பக்கமா உரிச்சா மொத்தமும் கிழிஞ்சிரும். அதனால கவுத்துப் போட்டுப் பின்னாலருந்து அட்டைய உரிச்சேன். ஈரப் பஞ்சு, பிளேடு. ஒரு நாளைக்கு ஒரு வெரக்கடை. அதுக்கு மேல அவசரப்பட்டா தாளும் சேந்து வரும். சித்திரையில ஆரம்பிச்சது, ஆடி ஆயிருச்சு. கண்ணே போயிருச்சு எனக்கு. முதல்ல 'காணவில்லை'ங்கிற எழுத்து வந்துச்சு, முழுசா. அப்பறம் நெத்தி வந்துச்சு, சுருட்ட முடி. ரெண்டு கண்ணும் வந்துச்சு. மூக்கு வந்துச்சு. வாயிகிட்ட மட்டும் பசை நல்லாப் புடிச்சுக்கிச்சு. நான் நல்லாத்தான தடவியிருக்கேன். வாயி வரல சார்.

அதான் இது. மடியில இருக்கிறது.

குடுக்க வேண்டியதுதான, இதுக்கென்ன யோசனைன்னு கேப்பீங்க. குடுத்தா, எங்கருந்துப்பா வந்துச்சுன்னு கேக்கும்ல? மில்லுக்குப் போனது எப்பிடித் திரும்பி வரும்? பசை ஏது? மில்லுல சொல்லி வச்சு எடுத்தேன்னு சொல்லலாம்னு பாத்தேன். அதுக்கும் நாக்கு வரல. உண்மையச் சொன்னா, கடையில தலைக்கு மேல இருந்துச்சும்மான்னு சொல்லணும். மக மேல தப்பு இல்லன்னு சொல்லணும். அதத்தான் முதல்ல சொல்லணும், தெரியிது.

இதுல இன்னொரு கூத்து. போன மாசம் ஜெயக்கொடி போன் பண்ணுச்சு. "அண்ணே, அம்மாவுக்கு என்னமோ ஆகிப்போச்சு. தெனமும் காசு குடுத்துப் பேப்பர் வாங்குது. எழுத்துத் தெரியாத மனுசி. ரெண்டாம் பக்கத்தத் திருப்பிப் பாத்துட்டு மடிச்சு வச்சிருது. கேட்டா, 'தெரியும்டி, சும்மாதான் பாக்குறேன்'ங்குது. கட்டுக் கட்டாச் சேந்துபோச்சு, வந்து எடைக்கு எடுத்துட்டுப் போங்கண்ணே"ன்னு சொல்லுது. என்னையக் கூப்புடுது சார், எடைக்கு எடுக்க. அந்தா, காலுக்கடியில கெடக்கே, தராசு. அதையும் கொண்டாந்திருக்கேன். எதுக்குக் கொண்டாந்தேன்னு எனக்கே தெரியல.

அந்த ஊருக்குப் பேப்பரு இந்த முத பஸ்சுலதான் போகுது. டிரைவர் பக்கத்துல கெடக்கு பாருங்க, கட்டு. ஸ்டாப்புல டீக்கடைக்காரர் வந்து வாங்குவாரு. ஒரு தடவ நெனச்சேன், இந்தத் துண்ட அந்தக் கட்டுக்குள்ள சொருகிவிட்டா என்ன? அந்தம்மா திருப்பும்போது வந்து நிப்பாரு. திரும்பவும் பேப்பரா வருவாருன்னு சொன்னது பலிச்ச மாதிரியும் ஆயிரும், நானும் தப்பிச்சுக்குவேன். கட்டோட முடிச்சக்கூட அவுத்துட்டேன். அப்பறம் என் மேல எனக்கே அருவருப்பா வந்து, திரும்பக் கட்டி வச்சேன்.

வந்துருச்சு சார். அந்தப் புளியமரம் தாண்டுனா ஸ்டாப்பு. கொஞ்சம் சாய்ஞ்சு உக்காருங்க, நான் வெளிய தெரியாம இருக்கட்டும். இதுக்குத்தான் உங்கள சன்னலோரமா உக்காரச் சொன்னேன். ஏன்னா ஒச்சம்மா ஸ்டாப்புலயே வந்து நிக்கும். டீக்கடைக்குப் போற வரைக்கும் பொறுக்காது. நாலு தடவையும் அப்பிடித்தான் நின்னுச்சு. பச்சச் சேல, கையில சில்லற. பாத்தீங்களா? நிக்கிதா?

கட்டப் பிரிச்சாச்சா? வாங்கிருச்சா? திருப்புதா? ரெண்டாம் பக்கம்தான... எடது ஓரம்... வெரல வைக்கிதா?

மடிச்சிருச்சா.

ஐயோ, இங்க பாக்குது. பாத்துருச்சு சார். சிரிக்கிது. சன்னல்கிட்ட வருது.

"ஏப்பா! நீயா? மில்லுல கேட்டியாப்பா?"

கேக்குது சார். கண்டக்டரே, விசில் அடிச்சிராதீங்க, ஒரு நிமிசம். நடுவுல நிக்கிறவுக கொஞ்சம் வழி விடுங்க. தராசு கெடக்கட்டும், அது வேணாம், இத மட்டும் புடிச்சுக்கிறேன்.

அம்மா, அங்கயே நில்லுங்கம்மா. எறங்கி வர்றேன். ஜெயக்கொடி மேல தப்பில்லம்மா, அது ஒண்ணும் போடல, நாந்தான் பெட்டியத் தெறந்து எடுத்தேன். மில்லுக்குப் போகவே இல்லம்மா. அன்னைக்கு நீங்க கடையில உக்காந்து டீ குடிச்சப்ப, உங்க கண்ணு முன்னாலதாம்மா இருந்தாரு.